பின்னாலிருந்து கூப்பிடுவது

…கூப்பிட்டால் சகுனத் தடை, கூப்பிடாவிட்டால் ஆள் கடலுக்குப் போய்விடுவான், இந்த டவுன் பஸ் வேறு பேகம்பூரில் நகராமல் உறுமிக்கொண்டு நிற்கிறது, போனில் சிவப்பு எழுத்து: கள்ளக்கடல், பிற்பகலில் பேரலை, வள்ளங்கள் இறங்க வேண்டாம். செயற்கைக்கோள் பார்த்ததாம், செயற்கை அறிவு கணித்ததாம். திண்டுக்கல்லுக்கு வாக்கப்பட்டு வந்து மருமகளே எடுத்தாச்சு, இன்னும் மணப்பாட்டுப் பக்கத்துக் கடலுக்கு வரும் எச்சரிக்கையைத்தான் முதலில் பார்க்கிறேன், என்ன செய்ய, தம்பி சூசை அங்கேதானே கிடக்கிறான். இந்நேரம் வாசலைத் தாண்டியிருப்பான். தாண்டிய ஆளைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது, அம்மா அதில் ஒரே பிடி, அப்பா தீப்பெட்டியை மறந்துவிட்டுப் போனாலும் வாயைத் திறக்க மாட்டாள், குறுக்குச் சந்தில் ஓடி அவருக்கு முன்னால் போய் நின்று கொடுப்பாள், மூச்சு வாங்க, சிரித்துக்கொண்டே… அந்தச் சிரிப்பைப் பார்க்க நானும் பின்னாலேயே ஓடுவேன், ஐயோ, எம்புட்டு நல்லா இருந்தோம்! இங்கிருந்து நான் எந்தச் சந்தில் ஓட? போனை அழுத்திவிட்டேன்.

"என்ன இஞ்ஞாசியக்கா, வள்ளத்தத் தள்ளப்போற நேரத்துல!"

"லே சூசை, கள்ளக்கடல் வருதாம், போகாதல."

"எனக்குந்தான் வந்துச்சு அந்த மெசேஜு. காத்தே இல்ல, கடல் தூங்குது. வானத்துல சுத்துறதுக்கு என்ன தெரியும்?"

காற்று எதற்கு, எங்கேயோ தென்கடலில் அடித்த புயலின் அலை அது, சத்தமில்லாமல் வந்து வள்ளத்தைப் புரட்டும், கரையில் நிற்பவன் கண்ணுக்கு எப்படித் தெரியும், சொன்னால் கேட்கிறானா கழுதை. பிறகு அவனே சலித்துக்கொண்டான்.

"போக்கா, பின்னால கூப்ட்டுட்ட. இனி வீட்டுக்குப் போயி உக்காந்து, தண்ணி குடிச்சிட்டுத்தான் வரணும்."

"குடி, செத்த நேரம் உக்காந்தே குடி."

"செத்த நேரமா? திண்டுக்கல்காரியாவே ஆயிட்ட!"

சிரித்துக்கொண்டே நடந்தான், போனை வைக்காமல் பிடித்திருந்தேன், செம்பு உருளும் சத்தம், நாற்காலி இழுபடும் சத்தம், எவ்வளவு நேரம் குடிப்பான், ஒரு செம்புத் தண்ணீர்தானே… திடீரென்று வெளியே ஆட்களின் கூச்சல்.

"அக்கா… தண்ணி ஏறுது. நம்ம வள்ளத்தத் தூக்கி அடிச்சிருச்சுக்கா."

"நீ எங்கல இருக்க?"

"வீட்டுலதான்க்கா. வீட்டுலதான்."

பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்க்க அழுதேன், அழுதால் என்ன, என் தம்பி இருக்கிறான். கல்யாணமாகி நான் ஊரை விட்டுக் கிளம்பிய அன்றும் இப்படித்தான் பஸ் உறுமிக்கொண்டு நின்றது, சூசை ஓடிவந்து வாயைத் திறந்தான், அம்மா உள்ளங்கையால் அவன் வாயைப் பொத்திவிட்டாள், நல்ல காரியத்துக்குப் போகிறவளாம். கூப்பிட்டிருந்தால் நான் இறங்கியிருப்பேன்.