அம்மாவை வீட்டில் விட்டுவர

சாயங்காலம் ஐந்தரைக்கு அம்மா கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசற்கதவருகே வந்து நின்றாள். மகன் மேஜையிலிருந்து எழுந்து வந்தான். ஒரு மாதமாகத் தினமும் இதேதான்.

"நேரமாச்சு. வீட்டுக்குப் போகணும்."

"இதுதாம்மா நம்ம வீடு."

பதிப்பகத்தில் பிழை திருத்துவது அவன் வேலை. இருபத்தாறு வருடம் அடுத்தவர் எழுதியதில் தப்பு கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கிய கை, வீட்டிலும் சும்மா இருக்கவில்லை. அம்மா செவ்வாய் என்றால் புதன் என்பான். அவள் தன் தம்பியை விசாரித்தால், மாமா போய் ஒன்பது வருஷமாச்சு என்பான். அப்போதுதான் கேள்விப்பட்டவள் மாதிரி மறுபடியும் அழுவாள். அலமாரி, குளியலறை, அடுப்பு என்று எல்லாவற்றிலும் சீட்டு எழுதி ஒட்டியிருந்தான். தன் சட்டையிலும் ஊக்கால் ஒன்று குத்தியிருந்தான்: 'உன் மகன்'. இந்த ஒரு தப்பை மட்டும் அம்மா செய்துவிடக் கூடாது என்பதுதான் அவன் பயமெல்லாம்.

மேஜையில் பழஞ்சீனத்துத் தாவோ ஞானத்தைப் பற்றிய புத்தகம் ஒன்றின் அச்சுப்படி கிடந்தது. மாறுவதைப் பிடித்து நிறுத்தாதே, அதன் போக்கில் கூடவே போ என்று பக்கத்துக்குப் பக்கம் சொல்லிக்கொண்டிருந்தார் ஆசிரியர். மூன்று தடவை படித்துவிட்டான். சொன்னதையே சொல்கிறார், குறைக்கலாம் என்று ஓரத்தில் குறித்தும் வைத்திருந்தான்.

அம்மா தாழ்ப்பாளை இழுத்தாள். அவன் அவள் கையைப் பிடித்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் உதறியது. கண்ணில் கோபமில்லை, அவனுக்கிருந்த அதே பயம். வாய் வரை வந்த திருத்தத்தை விழுங்கினான்.

"சரிம்மா, போகலாம்," என்று செருப்பை மாட்டினான்.

மருந்துக்கடை, பேருந்து நிறுத்தம், மூடிக் கிடந்த தையற்கடை. எங்கே போகிறோம் என்று இருவருக்குமே தெரியாது. அம்மா திரும்பிய பக்கமெல்லாம் திரும்பினான். அவள் நடுக்கம் நின்றுவிட்டது. சுற்றிச் சுற்றித் தங்கள் வீட்டு வாசலுக்கே வந்ததும் அம்மா நின்றாள்.

"இதுதான்," என்றாள் நிம்மதியாக. பிறகு அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கூட வந்ததுக்கு ரொம்ப நன்றிங்க. உள்ள என் பையன் தனியா இருப்பான். பயந்தாங்கொள்ளி. நான் வர்ற வரைக்கும் சாப்பிடாம ஒக்காந்திருப்பான்."

நான்தாம்மா அது என்று தொண்டை வரை வந்தது. சட்டையிலிருந்த சீட்டை அவள் பார்க்குமுன் கழற்றிக் கைக்குள் மடக்கிக்கொண்டான்.

"சீக்கிரம் போங்கம்மா. காத்துக்கிட்டிருப்பான்."

உள்ளே விளக்கு எரிந்தது. சின்ன வயதில் அவனைக் கூப்பிடும் பேரைச் சொல்லி, அம்மா ஒவ்வோர் அறையாகத் தேடிக்கொண்டு போவது கேட்டது. அவன் வாசலுக்கு வெளியே, ஊக்கு உள்ளங்கையில் அழுந்த, நின்றுகொண்டிருந்தான்.