அரிசி மெல்லும் சத்தம்

பகல் ஷிப்ட் முடிந்து வந்து, பிள்ளைப்பாக்கம் வாடகை வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே செல்வலட்சுமிக்கு அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. நறுக் நறுக். உள்ளே யாரோ வெறும் அரிசியை மெல்லுகிறார்கள். இந்த வீட்டில் அரிசி மென்றவள் தங்கை சுகப்பிரியா ஒருத்திதான். அவள் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகிறது.

கதவைத் தள்ளினாள். அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் மகள் தங்கமாரி குத்தவைத்திருந்தாள். ஒரு கன்னம் உப்பியிருந்தது. தண்ணீர் மோட்டார் போட வந்த வீட்டுக்கார அம்மா சுந்தராம்பாள் எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"இன்னாடி, அரிசியவே துன்னுகினு கீற? உன் கண்ணாலத்தன்னிக்கு மழை கொட்டப் போவுது பாரு."

இதே பேச்சுதான். திருச்செந்தூர்ப் பக்கமிருந்து கம்பெனி வேலைக்கு வந்த பதினெட்டு வயசுச் சுகப்பிரியாவையும் இப்படித்தான் எல்லோரும் கேலி செய்தார்கள். செல்வலட்சுமியும் சேர்ந்துதான் சிரித்தாள். அசெம்பிளி லைனில் நிற்கும்போது தலை சுற்றுகிறது என்று தங்கை சொன்னபோது, ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்று விட்டுவிட்டாள். ஒருநாள் மாடிப்படியில் மயங்கி உருண்டவள் பிறகு எழுந்திருக்கவேயில்லை. "உடம்புல ரத்தமே இல்லையேம்மா, வளர்ற பிள்ளைக்கு என்னதான் குடுத்தீங்க?" என்று டாக்டரம்மா கேட்டாள். வயிறு நிறையச் சோறு போட்டோம் என்று சொல்ல வாயெடுத்து, செல்வலட்சுமி நிறுத்திக்கொண்டாள். ரத்தம் குறைந்த உடம்பு அரிசிக்கு ஏங்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தெரிந்து என்ன பிரயோஜனம்?

இப்போது மகள். ஒரே வருஷத்தில் மளமளவென்று வளர்ந்து, பாவாடையை இரண்டு தரம் பிரித்து இறக்கித் தைத்தாயிற்று. பெரியவளானபோது உளுந்தங்களியும் நல்லெண்ணெயில் முட்டையும் கொடுத்ததோடு சரி. சடங்கு முடிந்ததும் பழையபடி ஷிப்ட், ஓ.டி.; பிள்ளைக்கு ரசஞ்சோறு.

மகளின் கீழிமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பே இல்லை.

"ஏட்டி, எத்தன நாளாத் திங்கே?"

"தெரியலம்மா. திங்காம இருக்க முடியல."

"நாளைக்கு நான் வேலைக்குப் போகல. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

முருங்கைக்கீரையை வதக்கினாள். இரண்டு முட்டை அவித்து, ஒன்றை மகள் தட்டில் வைத்தாள். பிள்ளை அதைப் பிட்டு வாயில் போட்டபோது யாருமில்லாத டிரம் பக்கம் மறுபடியும் கேட்டது. நறுக் நறுக். செல்வலட்சுமிக்குப் பயம் வரவில்லை, அழுகைதான் வந்தது. இன்னொரு முட்டையையும் உரித்து டிரம் மூடிமேல் வைத்தாள்.

"அது யாருக்கும்மா?"

"சித்திக்கு."

தங்கமாரி தட்டை வழித்துவிட்டு அதைப் பார்த்தாள். "எனக்கு இன்னும் பசிக்குதும்மா."

"எடுத்துக்கோ. சித்தி ஒண்ணும் சொல்லமாட்டா."

பிள்ளை கையை நீட்டி எடுத்துக்கொண்டாள். மூடியில் முட்டை இருந்த இடத்தில் சின்னதாய் ஒரு ஈரவட்டம் இருந்தது. செல்வலட்சுமி அதைத் துடைக்காமல், அந்த நறுக் நறுக் மறுபடி வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.