கோட்டில் நடந்து வருகிறவர்

1

இந்தக் கதை என்னுடையதில்லை. என் மனைவியின் அலுவலகத்தில் நடந்தது. எழுதட்டுமா என்று கேட்டதற்கு, ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டே ஒரு நிபந்தனை போட்டாள்.

"எழுதிக்கோ. ஆனா அது எந்த ஊரு, எந்த நாடுன்னு எங்கயும் வரக் கூடாது. அங்க ஆள் நடமாட்டம் இருக்குன்னு யாருக்கும் தெரிய வேண்டாம்."

சம்மதித்தேன். அதனால் வாசகரே, எந்தப் போர் என்று நீங்கள் ஊகிக்க வேண்டாம். ஊகித்தால் ஒன்றுக்கு மேல் கிடைக்கும். அதுதான் நம் காலத்தின் லட்சணம்.

அவள் நிலநடுக்கப் பதிவு நிலையத்தில் வேலை பார்க்கிறாள். பூமி எங்கே அசைந்தாலும் கருவி கோடாக வரைந்து காட்டும்; உலகம் முழுக்கப் பல நிலையங்கள் அந்தக் கோடுகளைப் பகிர்ந்துகொள்கின்றன. நான் ஒரு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். மற்றவர்களின் பிழைகளைத் திருத்திச் சோறு தின்கிறேன். சொந்தப் பிழைகளைச் செய்யக் கதை எழுதுகிறேன்.

2

எழுதிப் பார்த்துக் கைவிட்ட தொடக்கங்கள்:

(அ) "குண்டு விழுந்தபோது அவர் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்…" அவர் தேநீர் குடிப்பவரா என்றே எனக்குத் தெரியாது. விட்டுவிட்டேன்.

(ஆ) "அங்கே விழும் ஒவ்வொரு குண்டும் இங்கே என் உள்ளங்காலில் அதிர்…" தோளுக்குப் பின்னால் நின்று படித்த மனைவி, "பொய்" என்றாள். "அந்த அதிர்வு இவ்வளவு தூரம் வராது. பக்கத்துல இருக்கற கருவிக்குத்தான் தெரியும்."

"கதைதானே?"

"கதைன்னா? உனக்கு அதிரலைங்கறதுதானே உன் பிரச்சினையே?"

சுருக்கென்றது. அவள் சொன்னது சரி. பல மாதங்களாக அந்தப் போரைக் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். சாப்பிடும்போது, பேருந்தில், குளியலறையில். இடிந்த படிக்கட்டு, ஒற்றைச் செருப்பு, போர்வையில் சுற்றிய சிறு உருவம். முதலில் அழுதேன். பிறகு அழுகை நின்றது, பார்ப்பது நிற்கவில்லை. ஒருநாள் ஒரு தந்தை கதறுவதைப் பார்த்தபடியே, போட்ட பொத்தான் சரியாக இருக்கிறதா என்று சட்டையைக் குனிந்து பார்த்தேன். அன்று எனக்கு என்னைக் கண்டே பயம் வந்தது.

"நீ பாக்கறதால ஒரு குண்டு குறையுதா?" என்பாள்.

"பாக்காம இருந்தா குறையுமா?" என்பேன்.

அதற்குமேல் பேச்சு வளராது, அல்லது சண்டையாக வளரும். அப்படி ஒரு சண்டையின் முடிவில்தான், "நாளைக்கு என்கூட ஆபீஸுக்கு வா. நீ பாக்கற ஊரை நானும் தினம் பாக்கறேன். எப்படின்னு காட்டறேன்" என்றாள்.

3

(இ) ஆக, கதை திரையில் தொடங்குகிறது.

காலை வெயில் விழாத அறை. ஒரு நாற்காலியை எனக்காக இழுத்துப் போட்டாள். திரையில் அந்த நகரத்து நிலையத்தின் மெல்லிய கோடு நடுங்கிக்கொண்டே நகர்ந்தது.

"இந்த நடுக்கம் என்ன?"

"கடல். அலை மோதி மோதி மொத்த பூமியும் எப்பவும் முனகிட்டே இருக்கும். உலகத்துல எந்த நிலையத்தைத் திறந்தாலும் இது இருக்கும்."*

கோட்டில் ஓரிடத்தில் மை கொட்டியதுபோல் ஒரு தடிப்பு. நான் கேட்கும் முன்பே, "ஆமா, குண்டு" என்றாள். பிறகு அதற்குச் சற்றுத் தள்ளி ஓர் இடத்தைப் பெரிதாக்கினாள். சின்னச் சின்ன முட்கள். சீரான இடைவெளியில், ஒன்றன்பின் ஒன்றாக, வர வரப் பெரிதாகிக்கொண்டு.

"இது?"

"ஆள்" என்றாள். "நடந்து வர்ற ஆள்."

வாசகரே, கைபேசியில் அந்த நகரத்தின் மனிதர்கள் விழுவதை மட்டுமே பார்த்துப் பழகியவன் நான். அங்கே ஒருவர் நடப்பதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துக்கொண்டேன்.

* இந்த ஒரு செய்தியை வைத்தே தனிக் கதை எழுதலாம். எழுதினால் நன்றாக வராது. கடலைப் பற்றி நான் எழுதியது எதுவும் நன்றாக வந்ததில்லை.

4

பாத்திரத்தைப் பற்றிய சந்தேகங்கள்.

அவருக்கு நரைத்த மீசையும் பழைய மூக்குக்கண்ணாடியும் கொடுத்திருந்தேன். "மீசை எல்லாம் கோட்டுல தெரியாது" என்று மனைவி அடித்துவிட்டாள். ஆணா பெண்ணா என்பதும் தெரியாது. மனைவி 'ஆள்' என்கிறாள். நான் வசதிக்காக 'அவர்' என்கிறேன்.

தெரிந்தது இவ்வளவுதான்: காலையில் வருவார். கருவிக்குப் பக்கத்தில் நிற்பார். கொஞ்ச நேரத்தில், திரையின் ஓரத்தில் தெரியும் அந்தக் கருவியின் பேட்டரி அளவு ஏறத் தொடங்கும். சூரியத் தகட்டில் படிந்த புழுதியைத் துடைக்கிறார் என்று அதிலிருந்துதான் மனைவி கண்டுபிடித்தாள். இடிபடும் நகரத்தில் புழுதிக்கா பஞ்சம்? பிறகு காலடிகள் சிறுத்துச் சிறுத்துக் கடலின் முனகலில் கரைந்துபோகும்.

ஒருமுறை அவர் வரும்போதே குண்டு விழுந்தது. தடிப்பு அடங்கியபின் கோட்டில் கடல் மட்டும் இருந்தது. நானும் அவளும் திரைக்கு முகத்தைக் கொடுத்து உட்கார்ந்திருந்தோம். பிறகு ஒரு முள். இன்னொன்று. முட்கள் சிறுக்கவில்லை, பெரிதாகிக்கொண்டு வந்தன. திரும்பிப் போகவில்லை, அந்த ஆள். மேலே நடந்தார்.

"எதுக்கு?" என்றேன். "ஊரே போன பிறகு நிலநடுக்கக் கணக்கு யாருக்கு வேணும்?"

"சண்டை முடியட்டும்னு நிலநடுக்கம் காத்திருக்குமா?" என்றாள். கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "இன்னொண்ணு தெரியுமா? குண்டு போடறாங்களே, அவங்க நாட்டுல பூமி ஆடினாலும் எங்க ஆடுச்சுன்னு கண்டுபிடிக்க இந்தக் கோடும் வேணும். சுத்துவட்டாரத்துல வேலை செய்யறது இது ஒண்ணுதான்."

(இங்கே மனிதகுலம் பற்றி ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். அந்த மனிதர் ஒரு துணியால் துடைத்ததை நான் வார்த்தையால் அழுக்காக்குவானேன்?)

அதன்பின் வேலைக்குப் போகும் வழியில் தினமும் அங்கே இறங்கினேன். போர்ச் செய்தி பார்ப்பதை விடவில்லை. ஆனால் பார்க்கும்போது அழுகை திரும்பி வந்தது. அதற்காக நன்றி சொல்ல வேண்டும் என்றால் யாருக்குச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

5

ஒருநாள் பெரிய தடிப்பு ஒன்று. அதன்பின் நேர்கோடு. கடல்கூட இல்லை.

"நேர்கோடுன்னா ஆள் போயிட்டதா அர்த்தமில்ல" என்றாள், நான் எதுவும் கேட்காமலே. "பேட்டரி போயிருக்கும். வயர் அறுந்திருக்கும்." சொல்லிக்கொண்டே அந்தப் பக்கத்தை மறுபடி மறுபடி திறந்து பார்த்தாள்.

நாட்கள் போயின. அவளுடைய மேலதிகாரி, வழுக்கைத் தலையும் மெல்லிய குரலும் உள்ளவர், வந்து நின்றார்.

"அந்த நிலையத்தை மூடிட்டதாப் போட்டுடலாமாம்மா?"

"கொஞ்சம் பொறுங்க சார்."

அவர் நேர்கோட்டைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். "சரி, இருக்கட்டும்" என்று போய்விட்டார்.

அன்று மதியம் அவள் என்னை வரச் சொன்னாள். அலுவலகத்துக்குப் பின்னால், கம்பிவேலிக்குள், தரைக்கடியில் ஓர் அறை. அதில்தான் இவர்களுடைய கருவி இருக்கிறது. வேலிக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. ஒருமுறை அங்கே பந்து பொறுக்கப் போன காவலாளியை இவளே காய்ச்சி எடுத்திருக்கிறாள். இன்று இவளே பூட்டைத் திறந்தாள்.

"நட" என்றாள்.

"என்னது?"

"என்கூட நட. நம்ம கோடும் எல்லாருக்கும் பொதுதான். அங்க இன்டர்நெட் இருந்து, அந்த ஆள் திறந்து பாத்தா, தெரியும்."

"பாப்பாரா?"

"கேள்வி கேக்காம கொஞ்சம் அழுத்தி மிதி."

மிதித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நாங்கள் இருவரும் ஒரே தாளத்தில் நடந்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். வேலியோரமாகச் சுற்றிச் சுற்றி, புல் நசுங்க, வியர்வை வழிய. அவள் முகம் சிவந்து, தீவிரமாக, கேலி செய்ய முடியாததாக இருந்தது. எங்கள் காலடியில் எங்கோ கடல் முனகிக்கொண்டிருந்தது. அதன்மேல் நாங்கள் இருவரும் எழுதிக்கொண்டிருந்தோம். நான் என் வாழ்நாளில் எழுதியதிலேயே பிழையில்லாத வரி அதுவாகத்தான் இருக்கும்.

உள்ளே திரும்பியதும் மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி கேட்டார்: "பின்பக்கம் யானை ஏதும் கட்டிப் போட்டிருக்கா?"

"இல்ல சார்."

"சரி, சரி" என்றார். மறுநாள் மதியம் இரண்டு யானைகளோடு அவரும் நடந்தார்.

6

முடிவுகள்.

ஒரு காலை அந்தக் கோட்டுக்கு உயிர் வந்தது. முதலில் கடல். பிறகு காலடிகள். ஆனால் நடை மாறியிருந்தது: ஒரு முள் பெரியது, அடுத்தது சிறியது. பெரியது, சிறியது. ஒரு காலை ஊன்ற முடியாதவரின் நடை.

முதல் முடிவு: அவரேதான். அடிபட்டு, கட்டுப் போட்டு, எழுந்து வந்துவிட்டார்.

இரண்டாம் முடிவு: அவர் இல்லை. அவர் விட்ட துணியை எடுத்துக்கொண்டு, ஏற்கெனவே நொண்டும் கால் உள்ள இன்னொருவர் வந்திருக்கிறார்.

இரண்டையும் முழுதாக எழுதிப் பார்த்தேன். முதலாவதைச் சந்தோஷத்தில் ஒரே மூச்சில் எழுதி முடித்தேன். இரண்டாவதை எழுதும்போது, ஏன் என்று தெரியவில்லை, நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டேன்.

உண்மையில் அன்று நான் பதிப்பகத்தில், அச்சுத்தாள்களுக்கு நடுவே இருந்தேன். தொலைபேசியில் மனைவி ஒரே ஒரு சொல்தான் சொன்னாள்.

"வந்துட்டாங்க."

அவரேதானா என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. எழுத்துக்கு எழுத்து பார்த்தே பிழைக்கிற எனக்கு அந்தச் சொல்லில் திருத்த ஒன்றும் இல்லை. ஆண் என்றாலும் பெண் என்றாலும் அதுதான். ஒருவர் என்றாலும் பலர் என்றாலும் அதுதான். போனவர் திரும்பினாலும், போனவர் இடத்துக்கு வேறொருவர் வந்தாலும் அதுவேதான்.

ஆகவே வாசகரே, யார் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தவரை அங்கே பேட்டரி ஏறிக்கொண்டிருக்கிறது.