மல்லி எனக்கு

காத்தான்குடியில் மஜீட் காக்காவின் ரேடியோக் கடைக்கு யசோதினி வந்தது அது மூன்றாவது முறை. அந்த ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள், அக்காவைத் தாத்தா என்பார்கள். முதல் இரண்டு முறையும் வாசல்வரை வந்து, கேட்க நினைத்ததை வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தாள். முப்பத்துநாலு வயதுப் பெண் கல்லடியிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து, கரடிப் படம் இருக்கிறதா என்று கேட்பதா?

இந்த முறை கேட்டுவிட்டாள்.

"சின்னப்பிள்ளைகள்ற படம் காக்கா. பொம்மைக் கரடி ரெண்டு. பெரிய கரடி ரெயில் ஸ்டேசன்ல குந்திக்கொண்டிருக்கும். மேலயிருந்து பஞ்சு கொட்டும்."

"பஞ்சோ?"

"பனிதான். நாங்க இலவம்பஞ்சு எண்டு நினைச்சிருந்தம்."

உள்ளே தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி றபீக்கா சிரித்தாள். "கேளுங்க, நல்லாக் கேளுங்க. இருவத்தஞ்சு வருசமா இந்த மனுசன் ரீவியில போனதெல்லாம் கெசட்ல புடிச்சு அடுக்கி வெச்சிரிக்கார். ஒரு ஆள் கேட்டு வந்தது இண்டைக்குத்தான்."

"படத்துக்குப் பேர் என்ன மகள்?"

"மல்லி எனக்கு."

"மல்லி எனக்கு, மிளகாய் ஆருக்கு?" என்றார் மஜீட்.

எல்லோரும் இப்படித்தான் கேட்டார்கள். பட்டணத்தில் சீடிக் கடைக்காரன் கேட்டான். பாசிக்குடாவில் அவள் வேலை செய்யும் ஹோட்டலின் கம்பியூட்டரில் அந்தப் பெயரை அடித்துப் பார்த்தபோது, மல்லிச் சட்னி அரைப்பது எப்படி என்றுதான் வந்தது.

எண்பத்தேழில் அவளுக்குப் பத்து வயது, தம்பி தனோஜனுக்கு ஆறு. கரண்ட் இல்லாத காலம். பக்கத்து வீட்டுக்காரர் கார் பற்றரி கொடுத்து ஓட்டிய கறுப்புவெள்ளைப் பெட்டியைத் தெருப்பிள்ளைகள் எல்லாம் யன்னலுக்கு வெளியே நின்று பார்க்கும். கரடிப் படம் வாரத்துக்கு ஒரு தரம் வரும். முதல் கிழமை சின்னக் கரடி ரெயிலேறிப் போனது. அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் பெரிய கரடி, துணியில் பாண் முடிந்து வைத்துக்கொண்டு, ஸ்டேசன் வாங்குப் பலகையில் இருந்தது. ரெயில் வரும், யார் யாரோ இறங்குவார்கள், சின்னக் கரடி இறங்காது. தொடக்கத்தில் சிங்களத்தில் ஒரு குரல் பெயர் சொல்லும். அவர்கள் காதில் அது 'மல்லி எனக்கு' என்றுதான் விழுந்தது. சின்னக் கரடியின் பெயர் மல்லியாக்கும் என்று முடிவு கட்டினார்கள். குரல் கேட்டவுடன் யார் முந்திக் கத்துகிறார்களோ அன்றைக்கு மல்லி அவர்களுடையது. தனோஜன்தான் எப்போதும் முந்துவான். "மல்லி எனக்கு!"

கடைசிக் கிழமை பெரிய கரடி மெல்ல எழும்பியது. அந்த நேரம் பார்த்துப் பற்றரி இறங்கி, படம் ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்துவிட்டது.

"அக்கா, பெரியவர் எங்க போறார்?"

"வீட்டதான். எத்தின நாளைக்கு ஒரு ஆள் பாத்துக்கொண்டிருக்கிற? மல்லி வந்து தனியக் கிடந்து அழட்டும்."

அவன் அழுதான். அழவைக்கத்தான் அவளும் சொன்னாள். மறுகா எத்தனையோ தரம் கேட்டான், உண்மையாகவே போயிட்டாரா என்று. அவள் ஒரு நாளும் விட்டுக்கொடுக்கவில்லை.

பதினாறு வயதில் தனோஜன் இயக்கத்துக்குப் போனான். வன்னிக் காட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சுனாமியில் கடல் வந்தபோது அம்மாவும் வீடும் போயின. அவனுடைய படங்களும் ஒன்று மிச்சமில்லாமல் போயின. பள்ளிக்கூட முகாமில் இருந்தவளுக்கு யாரோ கையில் தனோஜனின் துண்டுக் கடிதம் ஒன்று வந்து சேர்ந்தது. 'அக்கா, பொங்கலுக்குப் பிறகு எப்பிடியும் வாறன். அங்கயே இரு. மல்லிக்குக் கடைசியில என்ன நடந்ததெண்டு இந்த முறையாவது உண்மையச் சொல்லு.'

பொங்கல் முடிந்து ஒன்பது நாள் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தாம் நாள் காலையில் உடுப்புக் காயப்போடும் கொடிக்கயிற்றுக்காக இரத்தினம்மா என்ற பெண்ணோடு வாய்த்தர்க்கம் வந்தது. "உங்கட கயிறும் வேணாம், முகாமும் வேணாம்" என்று பையைத் தூக்கிக்கொண்டு தேற்றாத்தீவில் பெரியம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போகிற இடத்தைக் கோபத்தில் ஒருவரிடமும் சொல்லவில்லை.

அடுத்த நாள் தனோஜன் வந்தான். பின்னேரம்வரை முகாம் வாசலில் நின்றானாம். அக்கா எங்கே என்று ஒவ்வொருவராகக் கேட்டானாம். நிவாரண அட்டைக்காக ஒரு மாதம் கழித்துத் திரும்பிப் போனபோது இரத்தினம்மாதான் சொன்னாள், அழுதுகொண்டு.

யுத்தம் முடிந்து இரண்டு வருடமாகிறது. அவனைப் பற்றித் தகவல் ஒன்றும் இல்லை. சொந்தக்காரர் கேட்டால் யசோதினி, "அப்பவும் அவன் வரல்ல, விட்டிருக்கமாட்டாங்க" என்பாள். எல்லோரும் நம்பினார்கள். அவளால் இப்போது செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அவன் கேட்டதற்கு உண்மையான பதிலைக் கண்டுபிடித்து வைத்திருப்பது.

மஜீட் பெயரை வாய்க்குள் இரண்டு மூன்று தரம் சொல்லிப் பார்த்தார். "சிங்களத்திலயா சொன்னாங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்கப் போனவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.

"எனக்கு இல்ல மகள். எனகல். மல்லி எனகல்."

"அப்பிடியெண்டா?"

"மல்லி எண்டா தம்பி. தம்பி வரும்வரைக்கும்."

அவள் கண்ணாடி அலுமாரியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். றபீக்கா தேநீரைக் கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டு அங்கேயே நின்றாள்.

கெசட்டைத் தேடி எடுக்க அரை மணித்தியாலம் ஆனது. பூஞ்சணம் பிடித்திருந்தது. மஜீட் நாடாவைப் பஞ்சால் துடைத்துத் துடைத்து டெக்கில் போட்டார். கோடுகள் ஓடின, பிறகு படம் வந்தது. பெரிய கரடி பச்சை நிறம். அவள் இத்தனை காலமும் சாம்பல் நிறத்தையே நினைவில் வைத்திருந்தாள்.

பெரிய கரடி எழும்பியது. அது எங்கும் போகவில்லை. குளிருக்குக் காலை உதறிக்கொண்டு வாங்கைச் சுற்றி ஒரு நடை நடந்தது. திரும்ப வந்து அதே இடத்தில் குந்தியது. ரெயில் வந்தது. சின்னக் கரடி பிழையான பக்கத்தால் இறங்கி, பின்னால் வந்து பெரியவரின் காதை இழுத்தது. இரண்டும் பாணைப் பிய்த்துச் சாப்பிட்டன. அவ்வளவுதான். எல்லாமாக ஐந்து நிமிடம்.

திரையில் வேறு ஏதோ விளம்பரம் ஓடத் தொடங்கியது. மஜீட் அதை நிறுத்தவில்லை. தேநீர் ஆடை கட்டியிருந்தது.

"காலுதறத்தான் எழும்பியிருக்கு" என்றாள் யசோதினி.

"சீடியில அடிச்சுத் தரட்டா மகள்? தம்பிக்குக் காட்டலாமே."

அவள் தேநீரின் ஆடையை விரலால் ஒதுக்கினாள். றபீக்காவுக்கு ஏதோ விளங்கியிருக்க வேண்டும். கணவனைக் கண்ணால் அடக்கிவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"காட்டுக்குப் போன தம்பியா புள்ள?"

"ஓம்."

"சுனாமிக்கு மறுகாவும் வரல்லையா?"

எத்தனையோ பேருக்குச் சொல்லிப் பழகிய பதில் நாக்கு நுனிவரை வந்தது. யசோதினி அதை விழுங்கினாள்.

"வந்தவன் தாத்தா. நான்தான் இருக்கல்ல."