ஷரிபுதீன் பற்றை

எழுபத்தெட்டாம் ஆண்டுச் சூறாவளி சாய்ந்தமருதில் ஒரு தென்னோலைக் கிடுகு வேலியையும் விட்டுவைக்கவில்லை. அடுத்த வருடம், மலைநாட்டுக்குச் சாறன் துணி விற்கப் போன ஷரிபுதீன், ஒரு தோட்டத்து பங்களா வேலியிலிருந்து நாலைந்து பூஞ்செடிக் கம்புகளை முறித்து வந்து தன் வீட்டு வளவைச் சுற்றி நட்டார். சிவப்பும் மஞ்சளுமாய்ப் பூத்துக் குலுங்கியது. மாடு வாய் வைக்காது. வருடா வருடம் கிடுகு மாற்றும் தொல்லையும் இல்லை. பார்த்தவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள்.

பெருமை தலைக்கேறி, இறக்காமத்து மேட்டுக்காணிக்கும் அதையே வேலியாக்கினார். இளைய மகள் நாச்சியாவின் சீதனத்துக்கென்று ஒதுக்கிய காணி அது. பழத்தைக் குருவி தின்று விதையைக் கண்ட இடமெல்லாம் போட்டது. குருவிக்கு எல்லைக்கல் தெரியுமா? வெட்டினார், தழைத்தது. எரித்தார், முதல் மழைக்கே இரண்டு மடங்காய் வந்தது. காணி போய், பக்கத்து மேய்ச்சல் தரையும் போய், உள்ளே யானை நின்றாலும் தெரியாத பற்றைப் புதராகிவிட்டது.

நாச்சியாவுக்குச் சம்பந்தம் பேச வந்தவர்களில், காணியைப் பார்க்கப் போனவர் மாப்பிள்ளையின் மாமா காலிதீன் மட்டும்தான். திரும்பி வந்ததும் ஷரிபுதீனிடம் வெடித்தார்.

"ஷரிபுதீன் காணி எங்கயெண்டு கேட்டா ஒருத்தனுக்கும் தெரியல்ல காக்கா. 'ஷரிபுதீன் பத்தையா?' எண்டு கேட்டு ஒரு மாட்டுக்காரன்தான் காட்டினான்."

"வெட்டித் துப்புரவாக்கித் தாறன் தம்பி."

"பத்தைய நீங்க வெட்டுவீங்க. உள்ளுக்க நிக்கிற யானைய ஆரு வெட்டுற?"

மாப்பிள்ளையின் தாய் ஸாலிஹா சேலைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள். "புள்ளையில ஒரு குறையும் இல்ல. பொறகு கதைப்பம்."

பலகாரத் தட்டில் யாரும் கை வைக்கவில்லை. அதற்கு மேல் கதைக்க என்ன இருக்கிறது?

காலிதீன் முன்னே நடந்துவிட்டார். வாசலில் ஸாலிஹா மட்டும் வேலியைப் பார்த்தபடி நின்றாள். ஷரிபுதீன் கிழமை தவறாமல் கத்தரித்து, இடுப்பளவில் அடக்கி வைத்திருந்த வேலி அது.

"என்ன வடிவான பூ! எங்கட வளவுக்கும் ரெண்டு கம்பு தாங்களேன் காக்கா."

வேண்டாம் என்று சொல்ல ஷரிபுதீன் வாயைத் திறந்தார். உள்ளே, தொடாத தட்டுகளை நாச்சியா எடுத்து அடுக்கும் ஓசை கேட்டது. வாயை மூடிக்கொண்டு கத்தியை எடுத்தார்.

இரண்டல்ல, ஒரு கட்டு வெட்டினார். கதவு மறைவிலிருந்து நாச்சியாவின் கை ஒரு துண்டுக் கயிற்றை நீட்டியது.

"ரெண்டு காணாது தங்கச்சி. வளவச் சுத்தி நடுங்க. மிச்சத்தக் காணியிலயும் நடுங்க."

"தண்ணி ஊத்தணுமா?"

"தேவல்ல," என்றார் ஷரிபுதீன், கயிற்றை இறுக்கி முடிந்தபடி. "அது தன்பாட்டுல வளரும்."