ஏழாவது பீரியடில் தூங்கியவர்

ஓவிய ஆசிரியை பிரசவ விடுப்பில் போனதிலிருந்து அவருடைய வகுப்புகளெல்லாம் கணக்கு டீச்சரின் தலையில் விழுந்தன. அன்றைக்கும் ஏழாவது பீரியட். காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. வீட்டில் மாமியார் காய்ச்சலோடு கிடந்தார். நிம்மதியாகத் தூங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது.

பிள்ளைகளை மைதானத்து ஓரத்துக்கு அழைத்துப் போனார். எதையும் பறிக்கக் கூடாது, கீழே கிடப்பதைப் பொறுக்கித் தரையில் ஏதாவது உருவம் செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு, மரத்தடிச் சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். ஐந்து நிமிஷம் கண்ணை மூடலாம் என்றுதான் நினைத்தார்.

விழித்தபோது எதிரே தலைமையாசிரியை. டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஆள் நீளத்துக்கு ஒரு பெண் கிடந்தாள். உடம்பெல்லாம் சருகு. காய்ந்த வேரில் கலைந்த முடி. மூடிய கண்களுக்கு இரண்டு நெற்றுகள். குழிந்த மரப்பட்டையில் வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒரு செருப்பு மட்டும் காலை விட்டு நழுவியிருந்தது. டீச்சர் குனிந்து தன் காலைப் பார்த்தார். அங்கேயும் அப்படித்தான்.

"இது யாரு?" என்றார் தலைமையாசிரியை.

வகுப்பில் 'ரேடியோ' என்று பெயர் வாங்கிய பெண்தான் முன்னால் வந்தாள்.

"எங்கம்மா, மேடம். வேலைக்குப் போய்ட்டு வந்து இப்படித்தான் தூங்குவாங்க."

நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுத் தலைமையாசிரியை நடந்தார்.

டீச்சர் ரேடியோவைக் கிட்டே கூப்பிட்டார். கூடவே அவள் தோழியும் வந்து நின்றாள். "எதுக்குப் பொய் சொன்ன?"

"பொய் இல்ல டீச்சர். உங்களைப் பாத்துதான் ஆரம்பிச்சோம். பாதியில எங்கம்மா மாதிரி ஆயிடுச்சு. இவளும் அவங்கம்மா மாதிரி இருக்குன்னா."

மணி அடித்தது. பிள்ளைகள் கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு ஓடினார்கள்.

மனசு கேட்காமல் சாயங்காலம் தலைமையாசிரியையின் அறைக்குப் போனார்.

"மேடம், அது நான்தான். தூங்கிட்டேன்."

"தெரியும்மா" என்றார் அவர், கால அட்டவணையிலிருந்து தலையைத் தூக்காமலே. மாற்று ஆள் கிடைக்கவில்லை, இன்னும் ஒரு மாதம் எப்படியாவது ஓட்டிவிடுங்கள் என்று சொன்னார்.

டீச்சர் தலையாட்டினார். திருத்தவேண்டிய நோட்டுகளைப் பையில் திணித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் போதும் என்றிருந்தது.