மூக்கு கொடுத்த வாக்குமூலம்

அவர் ஒரு அச்சகத்தில் பிழை திருத்துபவர். மூன்று மாதமாக அவருக்கு மூக்கு ஒழுகியது. மாடிப்படி ஏறினால் நெஞ்சுக்குள் விசில் கேட்டது. கேட்டவர்களிடமெல்லாம் ஜலதோஷம் என்றார். மூன்று மாதம் நீடிக்கும் ஜலதோஷத்தை அவர் மனைவி நம்பவில்லை. அவள் ஒரு பரிசோதனை லேப்பில் மைக்ராஸ்கோப் பார்ப்பவள். ஊரார் உடம்புச் சங்கதிகளைக் கண்ணாடித் துண்டுகளில் படிப்பதுதான் வேலை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பஞ்சுக் குச்சியோடு எதிரே வந்து நின்றாள்.

"மூக்கைக் காட்டுங்க."

"எதுக்கு?"

"சும்மாதான்."

"நீ சும்மான்னு சொன்னா அது சும்மாவா இருக்காதே" என்றபடி காட்டினார்.

மறுநாள் சாயம் ஏற்றிப் பார்த்தாள். கிருமி நுழைந்திருந்தால் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் திரண்டிருக்கும். அவை ஒன்றிரண்டுதான் தென்பட்டன. வயிறு நிறைய ஆரஞ்சு நிற மணிகள் கொண்ட இயோசினோஃபில்கள்தான் அப்பிக் கிடந்தன. அலர்ஜி என்றால் கூட்டமாக வருகிறவை. நடுவே, மூச்சுப்பாதையின் உள்படலச் செல்கள் கொத்தாகப் பெயர்ந்து வந்திருந்தன.

மாலையில் விஷயத்தைச் சொன்னாள்.

"உள்படலத்துல இருக்கிற செல்லுதான் முதல்ல சத்தம் போடும், ஆகாதது ஏதோ வந்துடுச்சுன்னு. அதைக் கேட்டு ரத்தத்துலேர்ந்து இதுங்க ஓடி வரும். வந்து, கூப்பிட்ட செல்லு மேலேயே நஞ்சைக் கொட்டிப் பேத்துப் போட்டுடும். அடிபட்டது இன்னும் கத்தும். இன்னும் கூட்டம் சேரும்."

"நம்ம மாடி வீட்டுச் சண்டை மாதிரியே இருக்கே."

"பேச்சை மாத்தாதீங்க. உங்க மூக்குக்கு எது ஆகலை?"

"தூசியா இருக்கும்" என்று செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் அவருடைய அக்கா வெளியூரில் வீடு மாறினாள். உதவிக்குப் போனவர் இரண்டு வாரம் பழைய பெட்டிகளோடு தூசியில் புரண்டுவிட்டுத் திரும்பினார். மூக்கு சுத்தமாக இருந்தது, அவள் மறுபடி எடுத்துப் பார்த்த ஸ்லைடும் அப்படியே. அச்சகத்துக்குப் போன மூன்றே நாளில் ஆரஞ்சு மணிக் கூட்டம் மறுபடி ஆஜர்.

சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மதியம் அச்சகத்துக்குப் போனாள். வாசலில் நின்ற அச்சு மெஷின்காரர் அவளைக் கண்டதும் அவசரமாக உள்ளே குரல் கொடுத்தார்.

"சார், லேப் மேடம் வந்திருக்காங்க."

"வரட்டும் வரட்டும்" என்றது கணவரின் குரல். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் கேட்டறியாத குழைவு அதில் இருந்தது. "வாடி என் கண்ணு. பசிக்குதா? மீன் வெச்சிருக்கேன், வா."

"நான் சாப்பிட்டாச்சு" என்றாள், அறை வாசலில் நின்று.

அவர் கையிலிருந்த பேனா மேசையில் உருண்டது. அதே நேரம் காகிதக் கட்டுக்கு மேலிருந்து ஒரு சாம்பல் நிறப் பூனை குதித்திறங்கி, நேராக அவர் மடியில் ஏறிச் சுருண்டது.

"இதுக்கு எதுக்கு 'லேப் மேடம்'னு என் பட்டம்?"

"எதைக் குடுத்தாலும் நாலு தடவை மோந்து பார்த்துட்டுத்தான் நம்புது" என்று சொல்லி, தொடர்ந்து ஆறு தும்மல் போட்டார்.

அவளுக்குக் கோபம் வந்தது. சிரிப்பு அதற்கு முன்பே வந்துவிட்டது.

டாக்டர் மூச்சோடு மருந்தை உள்ளிழுக்கும் இன்ஹேலர் ஒன்று தந்தார். பூனை பின்பக்கக் கிடங்குக்கு இடம் மாறியது. மெஷின்காரர் அதற்குப் பொறுப்பு, பிழை திருத்துபவர் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது. ஒரு மாதம் கழித்து எடுத்த ஸ்லைடில் கொத்தாகப் பெயர்ந்த செல்கள் இல்லை. இயோசினோஃபிலைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருந்தது.

பிறகு ஒரு வியாழக்கிழமை அவள் லேப்பிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் அவர் தும்மத் தொடங்கினார். மூக்கைத் துடைத்தபடி அவள் தோளிலிருந்து ஒரு சாம்பல் முடியை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார்.

"எத்தனை நாளா நடக்குது?"

அவள் முந்தானையை உதறப் போய், உதறினால் வம்பு என்று நிறுத்திக்கொண்டாள்.

"அந்த மெஷின்காரருக்கு அக்கறையே இல்லைங்க. இளைச்சுப்போய்க் கிடந்துச்சு. பார்த்துட்டு எப்படிச் சும்மா வர்றது?"

இப்போதெல்லாம் அவள் வந்ததும் நேரே குளியலறைக்குப் போய்விடுகிறாள். அவர் மூடிய கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பூனை இன்று என்ன தின்றது, எங்கே தூங்கியது, தன்னைத் தேடியதா என்று ஒவ்வொன்றாக விசாரிக்கிறார். தேடியது என்றுதான் அவளும் சொல்கிறாள்.